ஃபெரோமோன் திரவியம் உடலுக்கு ஒத்துக்கொள்ளாதபோது என்ன செய்வது

ஒரு விலங்கு வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்றின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர். எதிரில் இருப்பவரை ஈர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் ஃபெரோமோன் கலந்த திரவியத்தைப் பூசிப் பார்த்தவர்கள் அதைப் பற்றிக் குறைப்படும்போது, எதிரில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் காட்டிலும் தமக்கே என்ன ஆயிற்று என்பதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். நெற்றிப்பொட்டில் தலைவலி, குமட்டல், காரணம் தெரியாத எரிச்சல், படபடப்பு, தூக்கம் பிடிக்காமை, பூசிய இடத்தில் அரிப்பு, எத்தனை முறை குளித்தாலும் கூடவே வரும் பழைய வியர்வை நாற்றம் என்று அந்தக் குறைகள் நீளும். இவற்றை எப்படித் தணிப்பது, எதனால் வந்தது என்று எப்படிப் பிரித்தறிவது, மறுபடி பூசித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் எப்படிப் பூசுவது என்பவையே இங்கே சொல்லப்படுகின்றன.

அதற்கு முன் ஒன்று. மூச்சு இறுகுவது, உதடோ முகமோ நாக்கோ வீங்குவது, உடல் முழுவதும் திட்டுத்திட்டாகத் தடிப்பது ஆகியவற்றில் எது தோன்றினாலும் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். திரவியம் கண்ணில் பட்டிருந்தால் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். அதன் பிறகும் உறுத்தலோ பார்வை மங்கலோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதலில் கழுவி எடுங்கள்

ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பூசியதை உடலிலிருந்து எடுப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். இத்தகைய திரவியங்களில் அதிகமாகச் சேர்க்கப்படும் ஆண்ட்ரோஸ்டீனோன், ஆண்ட்ரோஸ்டீனால், ஆண்ட்ரோஸ்டாடையீனோன் ஆகிய மூன்றும் ஸ்டீராய்டு அமைப்புக் கொண்டவை, கொழுப்பில் கரைபவை, மூலக்கூறு எடை 270-ஐ ஒட்டியவை. ஆகவே எலுமிச்சை மணத்தைப்போலச் சற்று நேரத்தில் பறந்துவிடாமல், தோலின் எண்ணெய்ப் பசையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. வெறும் நீர் அவற்றைக் கரைக்காது. ஈரக்கையால் தேய்ப்பது கழுத்தில் இருந்ததை உள்ளங்கைக்கும் பரப்புவதில்தான் முடியும்.

எண்ணெயில் கரைவதை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். மணமற்ற சமையல் எண்ணெயில் நான்கைந்து சொட்டை எடுத்து, பூசிய இடத்தில் ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, உலர்ந்த பஞ்சாலோ டிஷ்யூத் தாளாலோ ஒற்றி எடுங்கள். தாளை எறிந்துவிட்டுப் புதுத்தாளால் இன்னொரு முறை ஒற்றுங்கள். அதன் பிறகு சோப்புப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். இதே முறையை ஒருமுறை திரும்பச் செய்தால் பெரும்பகுதி போய்விடும். தோல் சிவக்காமலும் வெடிக்காமலும் இருந்தால் மட்டும், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பதும் பயன் தரும். அதில் ஒரு நுட்பம் உண்டு: ஈரம் காய்வதற்குள் பஞ்சால் வழித்தெடுத்துவிட வேண்டும். கை சானிடைசரைத் தடவிவிட்டுக் காயவிடுபவர்கள், ஆல்கஹாலில் கரைந்து வந்ததை அதே தோலில் மறுபடி படியவைத்துவிடுகிறார்கள். சிவந்து எரியும் தோலில் ஆல்கஹாலும் வேண்டாம், நார் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். எண்ணெயும் மென்மையான சோப்பும் போதும்.

தோலைக் கழுவிய பிறகும் நாற்றம் தொடர்ந்தால், அது பெரும்பாலும் தோலிலிருந்து வருவதில்லை. எனக்கு இது புரிய ஒரு வாரம் பிடித்தது. மணிக்கட்டில் பூசிய திரவியம் ஒத்துக்கொள்ளாமல் போனதும் ஒரு நாளைக்கு நான்கு முறை கையைக் கழுவினேன். மாலையானால் அதே மக்கிய வியர்வை வாடையும் அதே தலைவலியும் திரும்பி வந்தன. கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் தோல்பட்டையின் உட்புறத்தை மோந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. காலையில் பட்டையில் ஊறியிருந்தது, கையின் சூட்டில் நாள் முழுவதும் மெல்ல வெளிவந்துகொண்டிருந்தது. ஆகவே சட்டைக் கழுத்துப்பட்டி, தலையணை உறை, முகக்கவசம், கைபேசியின் பின்னட்டை, காரின் சீட் பெல்ட், கழுத்துச் சங்கிலி, மூக்குக்கண்ணாடியின் காதுப்பிடி எனப் பூசிய இடம் பட்ட பொருள் ஒவ்வொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். துணிகளை டிடர்ஜென்ட் கரைத்த நீரில் ஊறவைத்து, துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் துவைத்து, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துங்கள். வாடை போய்விட்டதா என்று பார்க்காமல் இஸ்திரி போட வேண்டாம். சூட்டில் அது கிளம்பி நேராக உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

போய்விட்டதா என்று பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடர்ந்து ஒரே மணத்தில் இருக்கும் மூக்கு சில நிமிடங்களிலேயே அதற்குப் பழகி, உணர்வதை நிறுத்திவிடும். கால் மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வந்து மோந்து பாருங்கள். இன்னொருவரிடம் கேட்பதானால் ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

குப்பிக்குள் இருப்பது ஒன்றல்ல

கழுவி முடித்து உடல் பழைய நிலைக்கு வந்ததும், காரணத்தைத் தேட வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, நடந்தது அனைத்தையும் ஃபெரோமோன் என்ற ஒரே சொல்லின் தலையில் கட்டிவிடுவது. குப்பிக்குள் அந்த மூலக்கூறு இருக்கிறது. அதைக் கரைத்து வைத்திருக்கும் ஆல்கஹாலோ, கிளைகாலோ, சிலிக்கோனோ இருக்கிறது. நாற்றத்தை மறைக்கச் சேர்த்த வாசனைப் பொருள் இருக்கிறது. இவற்றோடு, பூசிக்கொள்பவர் மனத்தில் இருக்கும் எதிர்பார்ப்பும் நான்காவதாகச் சேர்ந்துகொள்கிறது. என் கணிப்பில், புகார்களில் பாதிக்குமேல் மூலக்கூறைத் தவிர்த்த மற்ற மூன்றினாலும், தேவைக்கு மேல் பூசுவதாலும் வருபவைதாம்.

மூலக்கூறைப் பற்றி முதலில் பார்த்துவிடலாம். ஃபெரோமோன் என்ற சொல்லை 1959-இல் பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும் உருவாக்கினார்கள். அதே ஆண்டில் அடால்ஃப் புட்டனான்ட், சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் உழைத்துப் பாம்பிகால் என்னும் முதல் ஃபெரோமோனை அடையாளம் கண்டார். ஆண் பன்றியின் எச்சிலில் உள்ள ஆண்ட்ரோஸ்டீனோனை மோந்ததும், பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அசையாமல் நிற்பதும் நன்கு அறியப்பட்டது. பன்றிப் பண்ணைகளுக்கென்றே அதன் ஸ்பிரே விற்கப்படுகிறது. ஆனால் மனிதர்களிடம் இப்படிச் செயல்படும் ஒரு ஃபெரோமோன் இதுவரை உறுதியாக நிறுவப்படவில்லை. ஃபெரோமோன் ஆய்வாளர் டிரிஸ்ட்ரம் வயட் 2015-இல் இந்தத் துறையை அலசி எழுதியபோது, சந்தையில் புழங்கும் இம்மூலக்கூறுகளுக்கு ஆதாரம் போதாது என்பதைத் தெளிவாகவே சுட்டிக்காட்டினார். பிற பாலூட்டிகள் பலவற்றில் ஃபெரோமோனை உணர உதவும் நாசி உறுப்பு, மனிதரில் நரம்புத் தொடர்பற்ற எச்சமாகவே எஞ்சியிருக்கிறது.

பக்கவிளைவால் அவதிப்படுபவருக்கு இந்தச் செய்தியால் ஒரு நேரடிப் பயன் உண்டு. தலைவலியும் படபடப்பும் "மருந்து வேலை செய்வதன் அறிகுறி" என்றும், சில வாரங்களில் பழகிவிடும் என்றும், அளவைக் குறைக்காமல் தொடருங்கள் என்றும் சொல்லும் விற்பனைப் பேச்சை நம்பித் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பழகிவிடும் என்பது எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை. 1989-இல் சார்ல்ஸ் வைசாக்கியும் அவருடைய குழுவினரும், ஆண்ட்ரோஸ்டீனோனை உணரவே முடியாத 20 பேரை நாளுக்கு 3 முறை வீதம் 6 வாரங்கள் அதை மோந்துவரச் செய்தபோது, அவர்களில் பாதிப் பேர் அதை உணரத் தொடங்கிவிட்டார்கள். அதாவது முதல் மாதம் எந்த வாடையும் தெரியாமல் தாராளமாகப் பூசியவருக்கு, இரண்டாம் மாதத்தில் அதே குப்பி குமட்டலாம்.

ஒரே குப்பி ஒருவருக்கு ஒருவிதமாகவும் இன்னொருவருக்கு வேறுவிதமாகவும் இருப்பதற்கு மரபணுவிலும் காரணம் இருக்கிறது. ஓஆர்7டி4 என்னும் மணமறியும் ஏற்பியின் மரபணு வேறுபாடுகளைப் பொறுத்து, ஆண்ட்ரோஸ்டீனோன் சிலருக்குச் சிறுநீர் வாடையாகவும், சிலருக்கு வெனிலாபோல இனிப்பாகவும், சிலருக்கு ஒன்றுமே இல்லாததாகவும் தெரிகிறது. இது 2007-இல் வெளியான ஆய்வு. முன்பு இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்: நீங்கள் கேட்ட அந்த ஒருவர் எதுவும் உணராதவராக இருந்துவிட்டால், இன்னும் ஒரு முறை பூசிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள்.

மனநிலை மாற்றம் முழுக்கக் கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. அதே 2007-இல் வெளியான மற்றோர் ஆய்வில், குப்பியில் இருந்த தூய ஆண்ட்ரோஸ்டாடையீனோனை மோந்த பெண்களின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் அளவு உயர்ந்தே இருந்தது. மனநிலையிலும் மாற்றம் பதிவாயிற்று. ஆனால் அங்கே அவர்கள் முகர்ந்த செறிவு, மனித வியர்வையில் இருப்பதைவிட மிக மிக அதிகம். அதிலிருந்து நமக்கு எட்டும் பாடம் அளவைப் பற்றியது: செறிவு மிகுந்த திரவியத்தை மூக்குக்கு நேர் கீழே பூசிக்கொண்டு நாள் முழுவதும் சுவாசிப்பவர், தம் மனநிலையில் மாற்றம் வந்தால் வியப்படையத் தேவையில்லை.

வாசனைப் பொருள்தான் பலருக்கு உண்மையான குற்றவாளி. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கடுமையான சென்ட் மணமே தாக்குதலைத் தூண்டப் போதுமானது. அதற்கு ஃபெரோமோன் தேவையில்லை. லிமோனீன், லினலூல் போன்ற வழக்கமான மணப்பொருள்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும் சேர்மங்களாக மாறுகின்றன. ஆகவே புதிதாக வாங்கியபோது ஒன்றும் செய்யாத குப்பி, அடிக்கடி திறந்துமூடி அரைக்குப்பியான பிறகு அரிப்பைத் தரலாம். இந்த ஒவ்வாமை பூசியவுடன் தெரிவதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் சிவந்து அரிக்கும். அதனால்தான் திங்கட்கிழமை பூசியதை விட்டுவிட்டுப் புதன்கிழமை போட்ட சோப்பைப் பலரும் குறை சொல்கிறார்கள். பூசிய உடனேயே எரிந்து, காய்ந்து, இறுக்கமாக உணர்ந்தால் அது பெரும்பாலும் ஆல்கஹாலின் வேலை. பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் கலந்திருந்து, வெயிலில் சென்ற பிறகு வழிந்த கோடுபோலத் தோல் கறுத்தால், அது அந்த எண்ணெயில் உள்ள பெர்காப்டென் என்னும் சேர்மம் வெயிலோடு சேர்ந்து செய்வது.

காரணத்தைப் பிரித்தறியும் முறை

இரண்டு வாரம் எதையும் பூசாமல் இருங்கள். அறிகுறிகள் அந்த இரண்டு வாரத்திலும் தொடர்ந்தால் குப்பியை விட்டுவிட்டுத் தூக்கம், காபி, வேலைச் சுமை, மருந்து என வேறு இடத்தில் தேட வேண்டும். அறிகுறிகள் அடங்கிவிட்டால், முன்பு வந்தவை லேசான தலைவலி, எரிச்சல், படபடப்பு என்ற அளவில் மட்டுமே இருந்திருந்தால், ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வந்தவர்கள் இதில் இறங்கவே கூடாது.

ஒரே மாதிரியான இரண்டு சிறு குப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒன்றில் மணமற்ற ஃபெரோமோன் திரவியத்தையும் மற்றதில் வெறும் கரைப்பானையும் ஊற்றச் சொல்லுங்கள். எது எது என்பதை அவர் மட்டும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட சென்ட் ஒன்றை இரண்டின் மேலும் ஒரே அளவில் பூசினால் வாடை காட்டிக்கொடுக்காது. எந்த நாளில் எந்தக் குப்பி என்பதை அவரே முறை மாற்றி முடிவு செய்ய, பத்துப் பன்னிரண்டு நாள் பூசி, ஒவ்வொரு மாலையும் தலைவலி, எரிச்சல், படபடப்பு, தூக்கம் ஆகியவற்றுக்கு 10-க்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதுங்கள். இறுதியில் நண்பரின் சீட்டை உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் கரைப்பான் பூசிய நாளிலும் இதயம் படபடத்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா" என்று நாள் முழுவதும் தன்னையே கண்காணித்துக்கொண்டிருக்கும் யாருக்கும் இதயம் படபடக்கத்தான் செய்யும்.

தோல் கோளாறுக்கு வேறு முறை. முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், நாளுக்கு இரு முறை வீதம் 7 முதல் 10 நாள் வரை பூசிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தோன்றிய அன்றே நிறுத்தி, கழுவிவிட்டு, குப்பியை ஒதுக்கி வையுங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் துல்லியமாக அறியத் தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட்தான் வழி. முதுகில் ஒட்டும் பட்டைகளை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, அதன் பிறகும் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். அங்கே செல்லும்போது குப்பியையும் அதன் அட்டைப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லி லேபிளில் குறிப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2023-இல் அந்தப் பட்டியல் 80-க்கும் மேலாக விரிவாக்கப்பட்டது. இவை எதுவுமே இல்லாமல் "ரகசியக் கலவை" என்று மட்டும் அச்சிட்ட குப்பியை, ஒருமுறை ஒவ்வாமை கண்டவர் மறுபடி தொடாமல் இருப்பதே நல்லது.

மறுபடி பூசுவதாக இருந்தால்

முன்பு பூசியதில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். ஸ்பிரேயைவிடச் சொட்டாக விடும் குப்பி நல்லது. எத்தனை என்று எண்ண முடியும். காலையில் பூசியது மதியம் உங்கள் மூக்குக்குத் தெரியாது; தெரியவில்லை என்பதற்காக மறுபடி பூசுவதுதான் இந்தக் கோளாறுகளின் பிறப்பிடம். ஒரு நாளைக்கு ஒரு முறை, அதன் பின் குப்பி வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு நிறுவனங்களின் திரவியங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினால் எது எதைச் செய்தது என்பது யாருக்கும் புரியாது.

பூசும் இடமும் முக்கியம். கழுத்தும் மார்பும் சூடான இடங்கள். அங்கிருந்து எழும் ஆவி முதலில் போய்ச்சேர்வது உங்கள் மூக்குக்குத்தான். சட்டையின் கீழ்விளிம்பு, முழங்காலின் பின்புறம் போன்ற தாழ்ந்த இடங்களுக்கு மாற்றிய மாத்திரத்தில் தலைவலி விட்டுப்போனவர்கள் உண்டு. தோல் சிவப்பவர்கள் துணியில் மட்டும், அதுவும் தோலைத் தொடாத மேல்துணியில் பூசலாம். சவரம் செய்த இடத்தில் வேண்டவே வேண்டாம். மூடிய காரில் நீண்ட பயணம் செய்யும் நாளில் தவிர்த்துவிடுங்கள். தூக்கம் கெடுகிறவர்கள் மாலைக்குப் பிறகு பூசாமல், படுக்கைக்குப் போகுமுன் எண்ணெயும் சோப்பும் போட்டு எடுத்துவிடுங்கள்.

எரிச்சலும் மிதமிஞ்சிய துணிச்சலும் ஏறும் நாளில், அதைக் கவனித்துவிட்டதே பாதித் தீர்வு. அந்த நேரத்தில் சண்டைக்கான செய்தி அனுப்புவதையும், வேலையை விடுவதாகக் கடிதம் எழுதுவதையும் தள்ளிவைத்துவிட்டுக் கழுவிவிட்டு வெளியே நடந்து வாருங்கள். பதற்ற நோய்க்கோ இருமுனை மனநோய்க்கோ சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இவற்றைப் பூச வேண்டாம். மருந்தை மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது. திரவியத்தை விட்ட பிறகும் இரண்டு வாரத்துக்குமேல் மனச்சோர்வு நீடித்தால், அதைக் குப்பியின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் கணக்கில் வர வேண்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைப் பூசியவரின் தோல் பட்டுக் குழந்தைகளுக்கு அகாலப் பருவ மாற்றங்கள் நேர்ந்ததால், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் அந்த மருந்துக்குக் கடும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. ஃபெரோமோன் திரவியம் அந்த ஜெல் அல்ல. ஆயினும் என்னென்ன ஸ்டீராய்டு எவ்வளவு கலந்திருக்கிறது என்று லேபிளில் சொல்லாத ஒரு திரவத்துக்கும் அதே கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை: குழந்தையைத் தூக்குமுன் கழுவுங்கள், பூசிய இடத்தைத் துணியால் மூடுங்கள், கர்ப்பிணிகள் பூசவோ பூசிய இடத்தைத் தொடவோ வேண்டாம். நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆண்ட்ரோஸ்டீனோன் நாய்களின் குரைப்பை நிறுத்துகிறது என்று அமெரிக்க விலங்கியல் ஆய்வாளர் ஜான் மெக்லோன் கண்டறிந்து, அதையே ஒரு ஸ்பிரேயாக மாற்றினார். நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாய் திடீரென்று விறைத்து நின்றால், அளவு கூடிவிட்டது என்று அது சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

சிவந்து அரிக்கும் தோலுக்குக் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும் மணமற்ற மாய்ஸ்சரைசரும் பெரும்பாலும் போதும். 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பை மருந்தாளுநரிடம் கேட்டு ஓரிரு நாள் மெல்லியதாகத் தடவலாம். கண்ணருகிலும் வெடித்த தோலிலும் தடவக் கூடாது. கொப்புளம், சீழ், பரவும் சிவப்பு ஆகியவை தெரிந்தால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்த குப்பியைக் குளியலறைத் தொட்டியில் கவிழ்க்காதீர்கள்; வடிகாலின் ரப்பர் வளையம் அந்த வாடையை வாரக்கணக்கில் திருப்பித் தந்துகொண்டிருக்கும். மூடியை இறுக்கி, ஜிப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து, குப்பை எடுக்க வரும் நாளன்று வெளியே வையுங்கள். என் கடிகாரப் பட்டையை அதே பையில்தான் போட்டேன். சோப்பு, வெயில், ஒரு மாதக் காத்திருப்பு என்று எதற்கும் அது மசியவில்லை.